இறங்காத கவளம்

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்து வருகிறவனுக்கு, ஒரு மாநிலத்தை விட்டு மற்றொன்றில் எந்த இடத்தில் கால் வைத்தோம் என்பது கடைப் பலகைகளின் எழுத்தைப் பார்த்தால்தான் விளங்கும். 1956 நவம்பர் 1 ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் வீடும் அவ்வாறு நின்றுவிட்ட வீடுகளுள் ஒன்று. பிழைப்பைத் தேடி நான் பம்பாய்க்கு வண்டியேறினேன். அம்மை மட்டும் அந்த மரச்சீனி விளையையும் கிணற்றடியையும் விட்டு அசையவில்லை.

2010 இல் தங்கை மகளின் திருமணத்துக்கு ஊர் சென்றிருந்தேன். மூன்று பந்தி முடிந்தும் அம்மை இலைமுன் அமரவில்லை. எல்லோரும் உண்டபின் உண்பது நம் தாய்மாரின் வழக்கம் அல்லவா? யாரும் ஐயுறவில்லை, நானும் ஐயுறவில்லை. பின்னர் அடுக்களைப் பக்கம் போனபோதுதான் கண்டேன். ஒரு கவளம் சோறு, அதன்பின் அரைச் செம்பு தண்ணீர். எழுந்து நின்று முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருத்தல். பிறகு அடுத்த கவளம். “தண்ணி குடிச்சாலும் நெஞ்சுக்கூட்டிலே நிக்குது மக்களே, ஆருகிட்டயும் சொல்லாதே” என்றாள். இரண்டாண்டாக அப்படித்தானாம். இரவில் உண்டது அப்படியே தலையணையில் வந்துவிடும் என்பதைத் தங்கை சொல்லித்தான் அறிந்தேன். அவ்வளவு காலமும் புளிப்பு நோய் என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவரை நான் குறை கூறப் புகவில்லை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இலட்சத்தில் ஒருவருக்கே புதிதாக வரும் நோய் அது.

பேரியம் குடித்து எடுத்த படத்தில் உணவுக்குழல் மேலே பருத்தும் கீழே பறவையின் அலகுபோல் கூர்ந்தும் தெரிந்தது. அகலேசியா என்று பெயர் சொன்னார்கள். குழலின் சுவரிலுள்ள நரம்பணுக்கள் அழிந்துபோவதால், இரைப்பையின் வாயிலைக் காக்கும் தசை வளையம் விழுங்கும்போது நெகிழ்வதில்லை. அழிந்த நரம்பை மீட்கும் மருந்து எதுவும் இல்லை. வாயிலைத் தளர்த்திவிடலாம், அவ்வளவே.

தளர்த்தும் முயற்சியும் பழையது. 1674 இல் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர், திமிங்கில எலும்பின் நுனியில் பஞ்சு கட்டி உள்ளே செலுத்தித் திறந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். 1913 இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அத்தசையை வெளியிலிருந்து கீறினார். கீறுதல் என்ற சொல்லைக் கேட்டதுமே அம்மை மறுத்துவிட்டாள். அவளுடைய தகப்பனாருக்கு நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் வயிற்றுப்புண் அறுவை நடந்தது. அந்த நீண்ட தழும்பைப் பார்த்து வளர்ந்தவள் அவள். நெய்யூர் என்றால் எங்கள் பக்கத்தில் டாக்டர் சாமர்வெல் பெயர் வராமல் இராது. காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருக்கும் ஒருமுறை தொண்டை அடைத்தது! 1924 இல் எவரெஸ்டுச் சரிவில், குளிரால் வெந்த தொண்டையின் உட்சவ்வு பிய்ந்து மூச்சை மறிக்க, தம் நெஞ்சைத் தாமே அழுத்தி அதை வெளியே தள்ளிப் பிழைத்தார். இக்கதையை அம்மையிடம் சொன்னேன். “அவரு சாயிப்பு, தள்ளினாரு” என்றாள்.

ஆகவே பலூன் முறை. 2012 இல் பலூனைச் செலுத்தி, தசை வளையத்தில் நிறுத்தி, காற்றடைத்து விரித்தார்கள். மறுவாரமே புட்டும் பயறும் தின்றாள். பதினான்கு மாதம் கழிந்ததும் பழைய செம்புத் தண்ணீர் திரும்பி வந்தது. மீண்டும் விரித்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. எடை முப்பத்தெட்டுக் கிலோவாயிற்று.

ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனோவே 2008 இல் தொடங்கிய ‘போயம்’ முறை அப்போது இந்தியாவிலும் பரவியிருந்தது. உணவுக்குழலின் உட்சவ்வில் சிறு வாயில் திறந்து, சவ்வுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம்போல் இறங்கி, இறுகிய தசையை உள்ளிருந்தே அறுத்து, வாயிலைக் கிளிப்புகளால் மூடிவிடுகிறார்கள். உடலின் வெளியே ஒரு கீறலும் இல்லை. “வயித்திலே தொடமாட்டாங்களா?” என்று மூன்றுமுறை கேட்டபின் அம்மை இசைந்தாள். 2016 இல் நடந்தது.

விழுங்குதல், எதுக்களித்தல், நெஞ்சுவலி, எடை குறைதல் ஆகிய நான்குக்கும் மூன்று வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள். மூன்றோ அதற்குக் கீழோ வந்தால் வெற்றி. அம்மைக்கு முன்பு ஒன்பது, பின்பு ஒன்று. கணக்குப் பார்க்கும் புத்தி எனக்கு உண்டாதலால் 2019 இல் வெளிவந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். ஒன்றில் ஈராண்டு கழித்துப் போயம் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 92 பேரும், பலூன் முறையில் 54 பேரும் நலமாக இருந்தனர். அதற்காகப் பலூனைத் தள்ளிவிடுவது நியாயமன்று. திரும்பத் திரும்ப விரிக்க இடமளித்த 2011 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆய்வில் பலூன் 86 பேருக்குப் பயன்பட்டது. ஹெல்லர் அறுவை 90 பேருக்கு. போயத்தையும் ஹெல்லர் அறுவையையும் நேர்நிறுத்திய மற்றோர் ஆய்வில் இரண்டும் ஏறக்குறைய சமமே: 83, 82.

ஆனால் திறந்த வாயில் இருபுறமும் திறந்ததுதானே? அமிலம் மேலேறி உணவுக்குழல் புண்படுவது போயம் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் காணப்பட்டது. சிகிச்சைக்கு முன்பு இதை எங்களிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் இசைந்திருப்போம், என்றாலும் சொல்லியிருக்கலாம். முதல் மழைக்காலத்தில் நெஞ்செரிச்சல் வந்தபோது, நோய்தான் திரும்பிவிட்டதென்று அம்மை இரண்டு நாள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு உண்டாள். மாத்திரையில் அடங்கிற்று. அன்று முதல் இரவுணவு ஏழு மணிக்கு முன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் இரண்டிரண்டு செங்கல். பழைய அடுக்களைச் சுவரை இடித்தபோது மிஞ்சிய கற்கள் அவை.

சென்ற ஆண்டு பேரன் திருமணத்தில் முதல் பந்தியிலேயே, எனக்கும் தங்கைக்கும் நடுவில் அமர்ந்தாள். தண்ணீர்க் குவளையைத் தொடாமலே பருப்பும் சாம்பாரும் முடித்து, பாயசம் விளம்ப வந்தவனிடம், “இன்னும் ஒரு தவி விடு மக்களே” என்றாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் இலையில் பப்படம் நமர்ந்து போயிருந்தது.