கணியாகுளத்துப் போரும் ஓர் ஒலிநாடாவும்

1984-ஆம் வருடம் எங்கள் குடும்பக் கோயில் கொடையில் அப்பா பதிவு செய்த ஒலிநாடா ஒன்று வீட்டில் இருக்கிறது. தொண்ணூறு நிமிட நாடா. உறையின் மேல் 'இரவிப்பிள்ளை கதை, இரண்டாம் நாள் ராத்திரி' என்று அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. அவர் மறைந்தபிறகு பல வருடங்கள் அதை யாரும் தொடவில்லை. நாடா பூசணம் பிடிக்கத் தொடங்கியதைக் கண்டு, சென்ற மாதம்தான் கணினிக்கு மாற்ற முயன்றேன்.

கதை நாஞ்சில்நாட்டில் பலருக்கும் தெரிந்ததுதான். தக்கலையை அடுத்த கேரளபுரத்துக்காரரான இரவிக்குட்டிப்பிள்ளை வேணாட்டு அரசின் அமைச்சர், படைத்தலைவர். 1630களின் நடுவில் திருமலை நாயக்கரின் மதுரைப் படை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாஞ்சில்நாட்டுக்குள் இறங்கியது. நாகர்கோவிலை ஒட்டிய கணியாகுளத்தில் நடந்த போரில், உடனிருந்த தலைவர்கள் கைவிட்டுவிட, பிள்ளை தனித்து நின்று மடிந்தார் என்கிறது பாட்டு. அவர் தலை மதுரைக்குக் கொண்டுபோகப்பட்டதும், காளி நாயர் என்ற ஊழியன் அங்கே போய் அதைக் கேட்டு வாங்கி வந்ததும் கதையின் பின்பகுதி. எதிர்ப்படையை நடத்திவந்த ராமப்பய்யன் இந்தப் பாட்டில் பகைவன். அதே ராமப்பய்யனை நாயகனாக்கி 'இராமப்பய்யன் அம்மானை' என்ற நூலே இருக்கிறது. கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு பாட்டு, அந்தப் பக்கம் ஒரு பாட்டு.

கதைப்பாடல்களை நான் முதலில் அறிந்தது அச்சில்தான். 1970களின் தொடக்கத்தில் நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு, கான்சாகிபு, ஐவர் ராஜாக்கள் கதைகளைக் கல்லூரி நாட்களில் படித்திருக்கிறேன். அந்தப் பதிப்புகள் இல்லையென்றால் எவ்வளவோ அழிந்திருக்கும். ஆனால் அச்சில் எல்லா வரிகளும் ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. படையெடுப்பையும் ஒப்பாரியையும் கண் ஒரே வேகத்தில் கடந்து போகிறது. வில்லுப்பாட்டில் காலம் அண்ணாவியின் கையில் இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே அவர் ஒரு வரியை நீட்டுவார், பின்பாட்டுக்காரரிடம் தள்ளுவார், மீண்டும் வாங்கிக்கொள்வார். 1970களின் இறுதியில் இந்தப் பகுதியில் தங்கி வில்லுப்பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988-ல் வெளிவந்த தன் நூலில், கதை சாவை நெருங்கும்போது நிகழ்த்துதலே உருமாறுவதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

நாடாவைக் கேட்டபோது எனக்கு அது புரிந்தது. போர் நடக்கும் பகுதி பதினொரு நிமிடம். உடுக்கையும் குடமும் அடித்து நொறுக்குகின்றன; கூட்டமோ தன்பாட்டில் பேசிக்கொண்டிருக்கிறது. கருப்பட்டிக் காப்பி விற்கும் குரல் கேட்கிறது. ஏதோ ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. ஆனால் அதற்கு முன்னால், போருக்குப் புறப்படும் மகனிடம் தாய் தான் கண்ட தீக்கனவைச் சொல்லும் இடம் இருபது நிமிடத்துக்கும் மேல் போகிறது. அங்கே சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. இன்று வேண்டாம், நாளை போ என்று தாய் கெஞ்சியதும் அண்ணாவி பாட்டை நிறுத்திவிடுகிறார். குடம் மட்டும் மெல்ல ஒலிக்கிறது. அந்த இடைவெளியில், ஒலிப்பதிவுக் கருவிக்கு மிக அருகிலிருந்து, ஒரு கிழவியின் குரல்:

"போவாத மக்கா. அம்ம சொல்லுகால்லா."

அது என் ஆச்சி. அப்பா கருவியை அவள் பக்கத்தில்தான் வைத்திருக்க வேண்டும்.

ஆச்சிக்கு ஒரு தம்பி இருந்தார். பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூருக்குப் போனவர். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் அவரிடமிருந்து கடிதம் இல்லை. இறந்தார் என்றும் யாரும் எழுதவில்லை. அவர் புறப்பட்ட அன்று கொள்ளுப்பாட்டி நடையில் குறுக்கே படுத்துக்கொண்டதாகவும், அவர் தாண்டிப் போனதாகவும் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆச்சி ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் கேட்டதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் உலகப்போரைப் படித்து நிறைய மதிப்பெண் வாங்கினேன். அதே நாட்களில் அவள் கையால்தான் சாப்பிட்டேன்.

கணினி தெரிந்த நண்பர் ஒருவரிடம் நாடாவைக் கொடுத்திருந்தேன். இரண்டு வாரம் இரவுகளில் உட்கார்ந்து, இரைச்சலைத் தணித்து, பாட்டு நின்ற இடங்களை வெட்டி ஒட்டி அனுப்பினார். பாட்டு இப்போது கண்ணாடிபோல இருக்கிறது. வீசுகோலின் மணிகள் தனித்தனியாகக் கேட்கின்றன. காப்பிக்காரர் இல்லை. குழந்தை இல்லை. தாய் கெஞ்சி முடித்ததும் மறுகணமே மகன் பதில் சொல்லிப் புறப்பட்டுவிடுகிறான். ஆச்சி இருந்த இடைவெளியே இல்லை.

நண்பர்மீது குறையில்லை. பாட்டைக் காப்பாற்றித் தரவேண்டும் என்றுதான் நான் சொன்னேன், அவர் அதைச் செய்தார். பாட்டு எது என்பதை நான்தான் அவரிடம் சொல்லவில்லை, எனக்கே தெரிந்திருக்கவில்லை. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு போர்ப்பாட்டை நான் வரலாறு என்று எண்ணியிருந்தேன். ஆச்சி அதற்குள் உட்கார்ந்து தன் தம்பியைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நல்லவேளையாக, மாற்றுவதற்கு முந்தைய கோப்பை அவர் அழிக்கவில்லை. ஆச்சியின் குரல் எங்களிடம் இருப்பது அந்த நான்கு சொற்கள்தான்.

நாஞ்சில்நாட்டு வீடுகளின் பரண்களில் இதுபோன்ற கொடை நாடாக்கள் இன்னும் கிடக்கக்கூடும். வாசகர்களில் யாரிடமேனும் இருந்தால் ஒரு வேண்டுகோள். தூய்மைப்படுத்துவதற்கு முன்னால் இரைச்சலோடு ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். எது யார் குரல் என்று சொல்ல அவர்களால்தான் முடியும்.