மறுமொழி தராத விசைப்பலகை

அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட விடி220 முனையம் ஒன்று எம் இளவலின் மகனிடம் உள்ளது. முனையமென்பது வேறிடத்துக் கணினியோடு உரையாடும் திரைப்பெட்டி. அதற்குரிய எல்கே201 விசைப்பலகை இல்லாமையால், இக்காலத்து யூஎஸ்பி விசைப்பலகையை ஒரு மாற்றியின்வழி இணைத்தான். திரை ஒளிர்ந்தது, விசைப்பலகையில் கோளாறு என்றது. "பெரியத்தா, இது செத்துவிட்டது, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்றான். நாம் இசையவில்லை.

முனையம் தரும் 12 வோல்ட்டையும், மாற்றி அதனை 5 வோல்ட்டாகக் குறைப்பதையும் அளந்தோம்; குறையில்லை. விநாடிக்கு 4800 பிட் என்னும் வேகமும் பொருந்திற்று. பின்னரே காரணம் புலப்பட்டது. எல்கே201 வெறும் விசைக்கூட்டமன்று. தனக்கெனச் சிறு செயலி உடையது. மின்சாரம் பாய்ந்ததும் தன்னைத்தானே சோதித்து, நான்கு பைட்டுகளில் தன் நிலையை அறிவிக்கும். மாற்றியோ, யூஎஸ்பி விசைப்பலகை விழிக்குமட்டும் வாளாவிருந்தது. வகுப்பில் அமர்ந்திருந்தும், பெயரழைக்கையில் வாய் திறவாத மாணவனுக்கு வருகை குறிப்பார் யார்?

மாற்றியைச் செய்தவர் அதன் நிரலைத் திறந்தே வைத்திருந்தது நல்லதாயிற்று. பிள்ளை அதனைத் திருத்தினான், நான்கு பைட்டுகளும் முந்திச் சென்றன, எழுத்துகள் வந்தன. மணியோசை மட்டும் எழவில்லை. வடிவமைத்தோர் ஒலிப்பானைப் பழைய விசைப்பலகைக்குள்ளேயே வைத்திருந்தனர். மாற்றியில் புதிதாய் ஒன்றைப் பற்றவைக்கும் வேலை மீந்திருக்கிறது.