வன்னி மண்ணில் சைக்கிள் தடங்கள்

"உம்மா, நாங்க நாலு பேர் சேர்ந்து சைக்கிள்லயே இலங்கையைச் சுற்றி வரப் போறோம்" என்று உங்கள் மகன் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? "பஸ்ஸும் ரயிலும் இருக்க, வெயிலில் இந்த வேலை எதற்கடா?" என்றுதான் கேட்பீர்கள். பெற்ற மனம் அப்படித்தான் கேட்கும். ஆனாலும் உடனே "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள், சகோதரிகளே. "வன்னி வழியாகப் போவாயா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவன் திருதிருவென்று விழித்தால், இந்தக் கட்டுரையை அவன் கையில் கொடுங்கள். அதற்கு முன் நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நம் குடும்பங்களில் இலங்கை என்றால் கொழும்புதான். சபர் போன பாட்டனார்கள் கொழும்பையும் கண்டியையும் காலியையும்தான் சொல்லி வைத்தார்கள். வன்னி அவர்கள் பேச்சில் அதிகம் வந்ததில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று விரிந்து கிடக்கும் பெருநிலம் அது. மலை கிடையாது. காடு, வயல், குளம் என்று மாறி மாறி வரும். நாம் ஏரி என்பதை அங்கே குளம் என்பார்கள். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், வவுனிக்குளம் என்று ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே அந்த மண் எதை நம்பி வாழ்கிறது என்று புரிந்துவிடும்.

மேடு பள்ளம் இல்லாத பூமி என்பதால் சைக்கிளுக்கு ஏற்றது. வவுனியாவில் புறப்பட்டு, மாங்குளம் போய், கிழக்கே திரும்பி முல்லைத்தீவுக் கடற்கரையைத் தொட்டு, அங்கிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சி சேர்ந்து, மறுபடி வவுனியாவுக்கே இறங்கினால் சுமார் 230 கிலோமீட்டர். இளைஞர்களுக்கு மூன்று நாள் போதும்.

முதல் நாள் சுப்ஹு தொழுதுவிட்டு வவுனியாவில் ஏறினால், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியில் முதலில் ஓமந்தை வரும். இன்று பஸ்ஸில் போகிறவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும் இடம். 2002-ஆம் ஆண்டு போர்நிறுத்தத்துக்குப் பிறகு பாதை திறந்தபோது, அரசுப் பகுதியிலிருந்து புலிகளின் பகுதிக்குப் போகும் வாசலாக இருந்தது இந்த ஓமந்தைதான். மூட்டையைப் பிரித்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, கைக்குழந்தையோடு வரிசையில் நின்ற தாய்மார்கள் எத்தனை பேர்! 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. போர் முடிந்தது 2009 மே மாதத்தில். 1990-ல் நின்றுபோன ரயில், கிளிநொச்சிக்கு 2013-லும் யாழ்ப்பாணத்துக்கு 2014-லும்தான் திரும்ப வந்தது.

இந்த மண்ணில் சைக்கிள் என்பது விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். 1990-க்குப் பிறகு பல ஆண்டுகள் வன்னிக்குள் பெட்ரோலும் பேட்டரியும் இன்னும் எத்தனையோ பொருள்களும் தடை செய்யப்பட்டிருந்தன. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைந்துகொண்டு ஓடின. மற்றபடி எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். நெல் மூட்டையும் விறகுக் கட்டும் அதில்தான் போயின. நோயாளியைக் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். வானொலிக்குப் பேட்டரி கிடைக்காதபோது, சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுப் பாதை. இருபுறமும் காடு வரும். பாலை, முதிரை, வீரை என்று உயர்ந்த மரங்கள். யானை நடமாட்டம் உண்டு. அதனால் அஸர் நேரத்துக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும். முள்ளியவளை, தண்ணீரூற்று என்ற ஊர்கள் வந்ததும் சைக்கிளை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில்தான் நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் என்ற நம் மக்களின் கிராமங்கள் இருக்கின்றன.

1990 அக்டோபர் மாதத்தில், தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த வடபகுதி முழுவதிலுமிருந்து முஸ்லிம்களை வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். சில ஊர்களுக்குச் சில நாள் அவகாசம். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அக்டோபர் 30 அன்று கிடைத்தது இரண்டே மணி நேரம். 70,000-க்கும் மேற்பட்டவர்கள் பிறந்த ஊரை விட்டுப் போனார்கள். கையில் எடுக்க முடிந்ததுதான் சொத்து. பல இடங்களில் நகையும் பணமும்கூடப் பறிக்கப்பட்டன. வன்னியிலிருந்து வவுனியா நோக்கியும், அங்கிருந்து அநுராதபுரம், புத்தளம் நோக்கியும் அவர்கள் போன பாதையில்தான் உங்கள் மகன் எதிர்த் திசையில் மிதித்து வருகிறான். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் அந்தத் தாய்மார்கள் வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். அங்கேயே பிள்ளை பெற்றார்கள். அங்கேயே மகளைக் கட்டிக் கொடுத்தார்கள்.

சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995-ல் அதே அக்டோபர் 30 அன்று, போர் நெருங்கியபோது யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான தமிழர்கள் வெளியேறினார்கள். அவர்களிலும் பலர் சைக்கிளில் மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டுதான் நடந்தார்கள். நிறையப் பேர் இந்த வன்னிக்கே வந்து சேர்ந்தார்கள். ஒருவர் துன்பத்தை மற்றவர் துன்பத்தோடு தராசில் வைக்க இதைச் சொல்லவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு நடக்கும் பெண்ணுக்கு மதம் எதுவானாலும் நெஞ்சுப் பாரம் ஒன்றுதான்.

போர் முடிந்த பின் நம்மவர்கள் திரும்பி வந்தார்களா? வந்தார்கள். ஆனால் எல்லோரும் அல்ல. ஒரு வீடாகப் போன குடும்பம் 20 ஆண்டில் மூன்று நான்கு குடும்பமாகிவிட்டது. பழைய காணி அத்தனை பேருக்கும் போதவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பிழைப்பும் புத்தளத்தில் வேர் பிடித்துவிட்டன. இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால் என்று வாழ்கிறவர்கள் பலர். காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடலாம். சைக்கிளில் போகிறவன் தண்ணீர் கேட்க நின்றே ஆகவேண்டும். ஸலாம் சொல்லி ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தால், மிச்சக் கதையை அந்த வீட்டுப் பெரியம்மாவே சொல்வார்.

இரண்டாம் நாள் முல்லைத்தீவிலிருந்து பரந்தன் பாதை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல். நடுவே வட்டுவாகல் பாலம். அதைத் தாண்டினால் முள்ளிவாய்க்கால். 2009-ல் இந்த ஒடுங்கிய கரையில் லட்சக்கணக்கான மக்கள் இரு படைகளுக்கும் நடுவே அகப்பட்டுக் கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் உயிர்கள் போயின. எஞ்சியவர்கள் பலர் இந்தப் பாலத்தைக் கடந்துதான் உயிர் தப்பினார்கள். அந்த நாள்களில் அரிசியும் உப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிதான் பசியைத் தணித்தது. இன்றும் மே மாதத்தில் அதே கஞ்சியைக் காய்ச்சி ஊராருக்குக் கொடுத்து நினைவு கூர்கிறார்கள். நோன்புக் கஞ்சியின் அருமை தெரிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இந்த இடத்தில் படம் பிடித்து ஆர்ப்பாட்டம் செய்யாமல், இறங்கிக் கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் கடந்து பரந்தன், கிளிநொச்சி. மூன்றாம் நாள் இரணைமடுக் குளத்தைப் பார்க்கலாம். கனகராயன் ஆற்றை மறித்து, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய பெரிய குளம் அது. கிளிநொச்சி வயல்களுக்கெல்லாம் அதுதான் உயிர். தெற்கே முறிகண்டியில் பிள்ளையார் கோயிலடியில் வண்டிகளெல்லாம் நின்று போகும். அங்கே கச்சான் பெயர் பெற்றது. பயந்துவிடாதீர்கள், நம் நிலக்கடலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்! வறுத்த கச்சானைப் பொட்டலமாக வாங்கிக் கொறித்துக்கொண்டே மாங்குளம், ஓமந்தை வழியாக வவுனியா திரும்பலாம்.

இந்தப் பாதை முழுவதும் காலையில் ஒரு காட்சி தென்படும். வெள்ளைச் சீருடையில் பெண் பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவார்கள். அங்கே அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். தண்ணீர்க் குடமும் பிள்ளையும் ஏற்றிக்கொண்டு தாமே போய் வந்தார்கள். ஆகவே, "மகன் போகட்டும், மகள் வீட்டில் இருக்கட்டும்" என்று முடிவு செய்வதற்கு முன் இதையும் சற்று யோசியுங்கள்.

சில எச்சரிக்கைகள். மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. மழை ஓய்ந்து குளங்களில் நீர் இருக்கும், அறுவடைக் காலம். வீதியோரம் நெல் காய்வதைப் பார்த்து ஓட்ட வேண்டும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று வீசினால், தெற்கே திரும்பும்போது முகத்தில் அறையும். பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், தொப்பி அவசியம். முக்கியமாக, பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கவே கூடாது. புதைத்த கண்ணிவெடிகளை அகற்றும் வேலை போர் முடிந்த பின்னும் பல்லாண்டுகள் நடந்தது. அந்த ஆபத்தான வேலையை வன்னிப் பெண்களும் செய்தார்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்டால் அப்படியே திரும்பிவிட வேண்டும்.

கூடப் போகும் நண்பர்கள் யார் என்றும் கேளுங்கள். நால்வரில் ஒருவன் தமிழ்ப் பிள்ளையாகவும் இன்னொருவன் சிங்களப் பிள்ளையாகவும் இருந்தால் இன்னும் நல்லது. நீராவிப்பிட்டியில் அவர்கள் நம் கதையைக் கேட்கட்டும். முள்ளிவாய்க்காலில் நம் பிள்ளை அவர்கள் கதையைக் கேட்கட்டும். ஒருவனுக்கு டயர் பஞ்சரானால் நாலு பேரும் நிற்கத்தான் வேண்டும். அப்படி நின்று பழகிய பிள்ளைகள் நாளைக்கு ஒருவரையொருவர் ஊரைவிட்டுப் போகச் சொல்லமாட்டார்கள்.