அலைச் சட்டையும் மதராஸ் கட்டமும்

நியூ டவுனில் குடியேறியுள்ள நமது தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், தாம் உடுத்தும் துணியின் தரத்தைக் காட்டிலும் அதன்மேல் பொறித்த பெயரையே பெரிதும் மதிக்கின்றனர் என்பது பெற்றோர் யாவரும் அறிந்ததே. இதனைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அத்தகைய பெயர் ஒன்றின் வரலாற்றை அறிய நேர்ந்தது. அன்பர்களோடு அதனைப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நமது அடுக்ககத்தில் வசிக்கும் மாணவன் ஒருவனுக்கு ஆஸ்திரேலியாவிலுள்ள சிற்றப்பா ஒரு சட்டை அனுப்பியிருந்தார். மார்பில் ஒரு மலையும், அதன்மேல் கவியும் அலையும். "இது குயிக்சில்வர், மாமா! கடல் அலைமேல் பலகையில் சறுக்குகிறவர்கள் போடுவது" என்றான். கடலை அவன் பூரியில் ஒருமுறை கண்டதோடு சரி.

1969-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் கடற்கரை ஊராகிய டார்க்கீயில் ஆலன் கிரீன், ஜான் லா என்னும் இருவர் தொடங்கிய தொழில் அது. அலையில் சறுக்குவோருக்குத் தக்க அரைக்கால்சட்டை வேண்டியிருந்தது. நனைந்தால் கனக்காமலும், தொடையை உராயாமலும், அலை புரட்டினால் இடுப்பைவிட்டு நழுவாமலும் இருத்தல் வேண்டும். இடுப்புப் பகுதியை முன்புறம் தாழ்த்தியும் பின்புறம் உயர்த்தியும் வெட்டி, பிரஸ் பட்டனும் வெல்குரோ பட்டையும் வைத்துத் தைத்தனர். உடுத்துவோன் படும் இன்னலை அறிந்து வெட்டிய துணி! அந்நிறுவனம் புகழ் பெற்றதில் வியப்பில்லை. மலையும் அலையும் கொண்ட அதன் சின்னம் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைச் சித்திரத்தைத் தழுவியது.

1976-இல் ஜெஃப் ஹாக்மன் என்ற அமெரிக்க வீரர் டார்க்கீக்கு அருகிலுள்ள பெல்ஸ் கடற்கரைப் போட்டியில் வென்றார். அமெரிக்காவில் இவ்வுடையை விற்கும் உரிமையைக் கேட்ட அவரிடம், விருந்து மேசைமேல் இருந்த காகித விரிப்பைத் தின்று காட்டும்படி கிரீன் கூற, அவரும் தின்றுவிட்டார் என்று சொல்வதுண்டு. நமது ரயில்வே இலாகாவில் காகிதத்தை நிரப்பினாலும் உரிமை எளிதில் வாய்ப்பதில்லை. தின்றால் என்னவாகும் என்பதை எவரும் சோதித்ததில்லை.

பின்னர் நிறுவனம் பருத்தது. 1998-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2004-இல் சறுக்குப் பலகை விளையாட்டினருக்குக் காலணி செய்யும் டி.சி. நிறுவனத்தை வாங்கியது. 2015 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. மீண்டு எழுந்து போர்ட்ரைடர்ஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 2018-இல் தன் பழைய போட்டியாளராகிய பில்லபாங்கையே வாங்கியது. 2023-இல் இவை யாவும் ஆதென்டிக் பிராண்ட்ஸ் குழுமத்திற்கு விற்கப்பட்டன. அக்குழுமம் புகழ்பெற்ற பெயர்களை வாங்கி, செய்வோருக்கும் விற்போருக்கும் உரிமம் வழங்கிப் பொருளீட்டுவது. அமெரிக்காவில் அவ்வாறு உரிமம் பெற்றுக் கடைகள் நடத்திய நிறுவனம் 2025 பிப்ரவரியில் திவாலாயிற்று, கடைகள் மூடப்பட்டன. பெயருக்கோ ஒரு கீறலும் இல்லை.

இதனைப் படித்தபோது நமது நெஞ்சு மதராஸ் கட்டத்துணியின்பால் சென்றது. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகர், பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கிருஷ்ணன் நாயரிடம், கெஜம் ஒரு டாலர் வீதம் பத்தாயிரம் கெஜம் கைத்தறித் துணி வாங்கினார். அது புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் உடையாக விற்றது. துவைத்தால் சாயம் போகும் என்பதை வாங்கினோரிடம் எவரும் கூறவில்லை. புகார்கள் குவிந்தன. விளம்பரக்காரர்களோ, சாயம் போவதே இத்துணியின் சிறப்பு, ஒவ்வொரு சலவையிலும் புதுநிறம் காட்டும் என்று எழுதி, குறையையே குணமாக்கி விற்றுவிட்டனர்! 1960-களில் அமெரிக்க இளைஞர் கடற்கரையிலும் கல்லூரியிலும் மதராஸ் அரைக்கால்சட்டை அணிந்து திரிந்தனர். ஊரின் பெயர் பொதுப்பெயராயிற்று. இன்று எந்நாட்டு ஆலையில் ஓடும் கட்டத்துணிக்கும் அதனைச் சூட்டுகின்றனர்.

நமது தாய்வழிப் பாட்டனார் குறிஞ்சிப்பாடியில் குழித்தறியில் கைலி நெய்தவர். கட்டங்களின் இழைக்கணக்கு ஏட்டில் இல்லை; அவர் விரலில் இருந்தது. கூலியை வாரந்தோறும் வாங்குவார். துணி எந்நாட்டிற்குச் செல்கிறது, என்ன பெயரில் விற்கிறது என்று வினவினால், "கப்பல் ஏறுதுன்னு சொல்றாங்க தம்பி" என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. பெயரை வாங்கவும் விற்கவும் நீதிமன்றங்களும் பத்திரங்களும் உள்ள உலகில், அவர் துணியின் ஓரத்தில் ஓரெழுத்தும் இருந்ததில்லை. அதனை நினைக்குந்தோறும் நமக்கு மனம் பொறுப்பதில்லை.

அவர் நெய்த கைலி ஒன்று இன்னும் நம் இல்லத்தில் உள்ளது. நம் சங்கக் குடும்பங்களில் நெசவாளர் மரபினர் சிலர் உண்டென அறிவோம். அவர்களிடம் பழைய கட்டத்துணிகளோ, அவற்றின் இழைக்கணக்கோ, நெய்தோர் பெயரோ இருப்பின் நமது இதழுக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகிறோம். நெய்தோர் பெயரை முதலில் எழுதுக.