லிங்கராஜபுரத்திலிருந்து காவிரிப் பள்ளத்தாக்கு – 3

பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து மேகேதாட்டு சுமார் 100 கி.மீ. மெஜஸ்டிக் வரை நகரப் பேருந்து, அங்கிருந்து பச்சை வழி மெட்ரோவில் சில்க் இன்ஸ்டிடியூட், பிறகு கனகபுரா சாலை. சில்க் இன்ஸ்டிடியூட் வரையிலான மெட்ரோ நீட்டிப்பு 2021இல் திறந்தது. கனகபுராவுக்குப் பேருந்து தாராளம். அதைத் தாண்டிச் சங்கமம் செல்பவை குறைவு. திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சங்கமத்தில் நந்தி மலைப் பக்கமிருந்து வரும் அர்க்காவதி காவிரியோடு சேர்கிறது. பெங்களூரின் மேற்குப் பகுதிச் சாக்கடை விருஷபாவதி வழியாக இந்த அர்க்காவதிக்கே வருகிறது. நகரம் குடிக்கும் காவிரித் தண்ணீரோ 1974 முதல் தொரெக்காடனஹள்ளியிலிருந்து மேலே ஏற்றப்படுகிறது. நல்லதை எடுத்துக்கொண்டு அழுக்கைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இது. கூடும் துறையில் முங்கிக் குளிப்பவர்களுக்கு இது தெரிந்திருந்தால் தேவலை.

ஆற்றைக் கடக்கப் பரிசல்தான். ஏறும் முன்பே கூலியைப் பேசி முடிக்க வேண்டும். நடு ஆற்றில் பேரம் எடுபடாது. நடுவில் பரிசல்காரர் துடுப்பை மாற்றிப் போட்டு, பரிசலைப் பம்பரமாகச் சுழற்றிக் காட்டுவதும் உண்டு. கரையில் மசாலா தடவிப் பொரித்த ஆற்று மீன் கிடைக்கும். அதன் வாசனைக்கு முன் எந்தச் சுகாதார வைராக்கியமும் நிற்பதில்லை, சுற்றிலும் தின்றவர்கள் எறிந்த இலைகளும் பிளாஸ்டிக் கோப்பைகளும் குவிந்திருந்தாலும்.

அக்கரையிலிருந்து பழைய வண்டியில் சுமார் 4 கி.மீ. குலுங்கினால் மேகேதாட்டு. அகன்று வந்த காவிரி இங்கே கருங்கல் இடுக்கில் ஒடுங்கிச் சீறுகிறது. வழவழப்பான பாறைகள் பல உயிர்களைக் குடித்திருக்கின்றன. வெள்ளக் காலத்தில் பரிசல் ஓடாது. கர்நாடகம் அணை கட்ட நினைப்பதும் தமிழ்நாடு எதிர்ப்பதும் இந்தப் பகுதியில்தான்.

அடுத்த இடமான சிவனசமுத்திரத்துக்கு மளவள்ளி வழி. அங்கே 1902இல் தொடங்கிய நீர்மின் நிலையம் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் அனுப்பியது. பெங்களூர்த் தெருவிளக்குகளும் 1905இல் இந்த மின்சாரத்தில் எரியத் தொடங்கின. ககனசுக்கி, பரசுக்கி அருவிகளைக் கோடையில் பார்ப்பது வீண் செலவு. கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்தால்தான் அழகு.

அடுத்தது தலக்காடு, கங்கரின் பழைய தலைநகர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயரிட்டனர். பின்னர் ஹொய்சள விஷ்ணுவர்தனன் மீட்டான். கோயில்கள் மணலில் பாதி புதைந்திருக்க, நண்பகலில் வெறுங்காலுடன் நடப்பது தண்டனை.

மேகேதாட்டு, சிவனசமுத்திரம், தலக்காடு மூன்றையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லும் வாடகைக் கார்களை நம்ப வேண்டாம். மேகேதாட்டுக்கே ஒரு பகல் போய்விடும்.