மானுக்கு எவ்வளவு மருந்து?

சென்ற இதழுக்கு வந்த கேள்விகளில் வேதாரண்யம் பக்கத்துக் கடிதம் ஒன்றும் இருந்தது. அதன் சுருக்கம் இது: “கடலைக் கொல்லையில் புள்ளிமான் இறங்குகிறது. பன்றியும் வருகிறது. மானைக் கொல்ல மனமில்லை. மருந்தைக் குறைத்துப் போட்டுச் சுட்டால் லேசான காயத்தோடு ஓடிவிடும் என்கிறார்கள். அப்படி ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கிடைக்குமா? அதுவரை, பக்கத்துக் கொல்லைக்காரர் செய்வதுபோல மோட்டார் கொட்டகையிலிருந்து இரவில் மட்டும் கம்பிக்குக் கரண்ட் கொடுக்கலாமா?”

இரண்டுக்கும் ‘கூடாது’ என்று ஒரே சொல்லில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இதைக் கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கடன் வாங்கி விதைத்த கடலை ஒரே இரவில் போவதைப் பார்த்தவர் கேட்கிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் பெரியப்பா வீட்டில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. வாய்ப்பக்கமாகவே எல்லாவற்றையும் போட வேண்டும். முதலில் கருமருந்து, அதன்மேல் தேங்காய் நார், பிறகு ரவை, மறுபடி நார். ஒவ்வொன்றையும் இரும்புக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். மருந்து அளக்கப் பெரியப்பா ஒரு மூங்கில் கணுவை அறுத்து வைத்திருந்தார். தலை தட்டி ஒரு கணு, அவ்வளவுதான். யாராவது கூடக் கொஞ்சம் போடப் போனால், “கோயில் அதிர்வேட்டா போடுற? அளவோட போடுடா” என்பார்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், பெரியப்பா ஊரில் இல்லாத ஒரு நாள், அவர் மூத்த மகன் துப்பாக்கியை எடுத்தார். மான் தூரத்தில் நிற்கிறது என்று கணக்குப் போட்டு இரண்டு கணு மருந்து போட்டார். சட்டப்படி அந்த மானைச் சுட்டதே குற்றம். எங்கள் வீட்டில் அன்று அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை. வெடித்த சத்தத்தில் அண்ணன் வரப்பில் மல்லாந்து கிடந்தார். தோள்பட்டை வீங்கிப்போனது. புகை கலைந்து பார்த்தால் மானைக் காணோம். மூன்றாம் நாள் கருவேலம் புதரில் நாய்கள் அதைக் கண்டுபிடித்தன. பெட்டை மான். வயிற்றில் நாலைந்து ரவை, அதைச் சுற்றி ஈ. பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, “மருந்து கூடினா குறி தப்பும். குறி தப்பினா பாவம் கூடும்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் அதன்பின் துப்பாக்கியைத் தொட்டதில்லை.

பெரியப்பா அனுபவத்தில் சொன்னதற்குக் காரணம் உண்டு. குழலுக்குள் ஓர் அளவுக்கு மேல் போட்ட கருமருந்து முழுவதும் எரிவதில்லை. மிச்சம் புகையாகவும் தீயாகவும் வெளியே போகிறது. உதையும் சத்தமும்தான் கூடும். ரவைகள் ஒன்றாகப் போகாமல் அகலமாகச் சிதறும். பத்து ரவை பட வேண்டிய இடத்தில் இரண்டு படும். உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போதே தோளைச் சுருக்குவான். பழைய குழலாக இருந்தால் அது வெடித்துக் கையும் போகும்.

அப்படியானால் குறைத்துப் போடலாமா என்பதுதான் நம் வாசகரின் கேள்வி. குறைத்தால் ரவை தோலைக் கிழித்துச் சதையில் நிற்கும். மான் ஓடிவிடும், உண்மைதான். ஓடிப்போய்ப் புதரில் சீழ் பிடித்துச் சாகும். ‘லேசான காயம்’ என்று ஒன்றை ரவையிடம் சொல்லி அனுப்ப முடியாது.

மான் வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில்கூட இதைத்தான் கணக்காக வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டத்தில் ரைஃபிளுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. பொதுவாக மான்களுக்கு 0.240 அங்குலக் குழலும் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும். மன்ட்ஜாக் போன்ற மிகச் சிறிய மானுக்கு 0.220 அங்குலமும் 1,000 அடி-பவுண்டும் போதும் என்று பிறகு திருத்தினார்கள். அதற்குக் கீழே போகக் கூடாது, காரணம் காயப்பட்ட மான் ஓடிவிடும். காலித் தோட்டாவில் தாங்களே மருந்து அளந்து நிரப்பும் அனுபவசாலிகள், அந்த அளவுக்கு மேலே போவதிலும் ஆசைப்படுவதில்லை. மிக வேகமான லேசான குண்டு தோள் எலும்பில் பட்டு உடைந்து சிதறும், இறைச்சி வீணாகும், உதையால் குறியும் கெடும். சிறிய மானுக்கு நடுத்தர வேகம், நம்பகமான குறி. எந்தப் பிராணி, எவ்வளவு எடை, எவ்வளவு தூரம் என்று பார்த்துத்தான் அளவு.

நம் நாட்டில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. கோடியக்கரையில் வெளிமானைக் காப்பதற்கென்றே 1967இல் சரணாலயம் அமைந்தது. 1972இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில வகை மான்களை உரிமம் பெற்று வேட்டையாட அதில் இருந்த வழியும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அடைபட்டது. இன்று வெளிமான் முதல் அட்டவணையிலும் புள்ளிமான் இரண்டாம் அட்டவணையிலும் இருக்கின்றன. பயிர்ப் பாதுகாப்பு உரிமம் கையில் இருந்தாலும் அது மானைச் சுடும் அனுமதி ஆகாது. பன்றிக்கு மட்டும் 2025 ஜனவரியில் அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டுமே. விவசாயி சுட அதில் அனுமதி இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. இதை எழுதவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் கொள்ளிடக் கரைக் கிராமம் ஒன்றில் கரும்புத் தோட்டம் பார்க்கப் போனேன். வரப்போரம் குச்சி நட்டுக் கட்டுக்கம்பி இழுத்திருந்தது. பன்றிக்கு என்றார் தோட்டக்காரர். திட்டினேன். “ரெண்டு நாள்ல கழட்டிடறேன் சார்” என்றார். தெரிந்தவர், நல்ல விவசாயி. மின்வாரியத்துக்குச் சொன்னால் வழக்காகிவிடுமே என்று பேசாமல் வந்துவிட்டேன். நான்காம் நாள் விடியற்காலையில், பக்கத்து வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர் அந்தக் கம்பியில் விழுந்து இறந்தார். தோட்டக்காரர் சிறைக்குப் போனார். இறந்தவர் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு போன் செய்திருந்தால் போதும். அதை நான் செய்யவில்லை.

பெரியப்பாவின் மகன் போட்ட இரண்டு கணு மருந்துதான் இதுவும், அதைவிடக் கொடியது. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் விடாமல் பாயும். ஈரக்காலில் நிற்பவர் கம்பியைப் பிடித்தால் தசை இறுகிக் கை விடாது. பன்றிக்கு, மானுக்கு, மனிதனுக்கு, உங்கள் மாட்டுக்கு என்று அது பார்ப்பதில்லை.

முறையான சூரிய மின்வேலி நேர்மாறானது. வோல்ட் பல ஆயிரம் இருக்கும், ஆனால் நொடிக்கு ஏறத்தாழ ஒரு துடிப்புதான். ஒவ்வொரு துடிப்பும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. சுரீரென்று அடிக்கும், பிடித்து வைக்காது. பட்ட பிராணி மறுபடி அந்தப் பக்கம் வரத் தயங்கும். நம் வாசகர் துப்பாக்கியில் தேடிய ‘கொல்லாத அளவு’ இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் மின்வேலிக்கு 2023ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. தரச்சான்று உள்ள கருவியைத்தான் வாங்க வேண்டும். வனத்துறையில் பதிவு செய்வது பற்றியும் மானியம் பற்றியும் போடுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்திலும் வேளாண்மைப் பொறியியல் துறையிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போடும்போது கவனிக்க வேண்டியவை: பன்றிக்கு அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. மான் தாண்டும் என்பதால் மேல்கம்பி ஆறடிக்குக் குறையக் கூடாது. கம்பியில் புல் பட்டால் துடிப்பு தரையில் இறங்கிவிடும், அடியில் செதுக்கிக்கொண்டே இருங்கள். வேதாரண்யம் மணல் கோடையில் காய்ந்துவிடும், நில இணைப்பு சரியாக வேலை செய்யாது. நில இணைப்புக் கம்பியை ஆழமாக அடித்து அதைச் சுற்றி ஈரம் வையுங்கள். அதோடு கம்பிகளில் ஒன்று விட்டு ஒன்றை நில இணைப்போடு சேருங்கள். பன்றிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விரட்டியையும் வேலியில் தொங்கவிடலாம். சேதம் நடந்தால் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். எழுதிக் கொடுக்காத சேதத்துக்கு இழப்பீடு இல்லை.

கடிதம் எழுதிய வாசகருக்கு ஒரே வேண்டுகோள். பக்கத்துக் கொல்லைக்காரரின் கம்பியைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்று மாலை இருட்டுவதற்குள் அவரிடம் போய்ப் பேசுங்கள். நாளைக்குக் கழற்றுகிறேன் என்றால் நம்பித் திரும்பாதீர்கள். அவர் கழற்றும்வரை கூட நில்லுங்கள். மறுத்தால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அவர் உங்கள்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.