பிஸாரோவின் பாலமும் எங்கள் நுரையும்

கமீய் பிஸாரோவின் ஓவியங்களில் நான் அதிகம் திரும்பிச்செல்வது 'ரூவானின் போயெல்தியூ பாலம், மழைநாள்'. 1896ல் வரைந்தது. மூலம் டொரொன்டோவில், ஒண்டாரியோ கலைக்கூடத்தில் இருக்கிறது. ஜவளகிரியில் காட்டோரம் வாழும் எனக்கு அச்சுப்பிரதியே வாய்த்தது.

சேன் நதிமீது ஓர் இரும்புப்பாலம். நனைந்த பாலத்தில் குதிரைவண்டிகளும் மனிதர்களும் கடந்து செல்கிறார்கள். எதிர்க்கரையில் சேன்-செவேர் என்னும் தொழிற்பகுதி. புகை எங்கே முடிந்து மேகம் எங்கே தொடங்குகிறதென்று பிரித்தறிய முடியாத சாம்பல் வெளி.

அதே நகரின் தேவாலய முகப்பைத்தான் மோனே 1892லும் 93லும் வெவ்வேறு வெளிச்சங்களில் வரைந்தார். 1895 கண்காட்சியில் அவற்றைக் கண்டு பிஸாரோ பெரிதும் வியந்தார். ஆனால் மறு ஆண்டு ரூவானுக்குச் சென்றபோது அவர் பெரும்பாலும் வரைந்தது துறைமுகத்தையும் பாலங்களையும். அப்போது வயது அறுபத்தைந்து. கண்நோயால் திறந்தவெளியில் நின்று வரைய இயலாமல் விடுதி ஜன்னலிலிருந்து வரைந்தார். அராஜகவாதிகளிடம் அனுதாபம் கொண்டவர் அவர். ஆயினும் இந்தப் புகையில் புகார் ஏதுமில்லை. மழையைப்போல அதுவும் அந்த நாளின் ஒரு பகுதி, அவ்வளவே. இந்தச் சமநிலையைத்தான் நான் நெடுங்காலம் வியந்துகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்து நதி தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து வரும் வழியில், பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக பெங்களூரின் கழிவுநீர் அதில் கலக்கிறது. ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில், கனமழைக்குப்பின் மதகுகளைத் திறந்தால் சலவைத்தூள் எச்சமும் சாக்கடையும் கடையப்பட்டு ஆளுயரத்திற்கு நுரை எழும். சிலசமயம் தரைப்பாலத்தையே மூடிவிடும்.

மழை விட்ட ஒரு காலையில் மாமாவுடன் அங்கே சென்றிருந்தேன். மேகம் விலக, சாம்பலாகக் கிடந்த நுரை மெல்ல இளஞ்சிவப்பானது. காற்று அதைத் துண்டுதுண்டாகப் பிய்த்து முள்மரங்களின்மேல் வைத்தது. சொல்லக்கூடாதுதான், அழகாக இருந்தது. மாமாவிடம் சொல்லவும் செய்தேன்.

"அழகுதான் மாப்ளே. எறங்கி நின்னு பாரு" என்றார்.

அவர் வயலுக்கு அந்த அணையின் கால்வாய்த் தண்ணீர். நடவுநாட்களில் முழங்கால்வரை தடித்து அரிக்கும். இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அமர்ந்திருப்பார்.

ஓவியத்தில் புகை மேலே போய்விடுகிறது. நுரை வயலுக்குள் வருகிறது. ஆனால் புகையும்தான் எங்கே போயிருக்கும்? பாலத்தில் நடப்பவர்களின் நெஞ்சுக்குள்தானே. அவர்களை பிஸாரோ முகமற்ற தூரிகைத் தீற்றல்களாக வைத்திருக்கிறார். ஜன்னலின் உயரத்திலிருந்து அப்படித்தான் தெரியும். அந்த உயரம் இல்லாமல் அந்த ஓவியமும் இல்லை. இதை அவருக்கு எதிரான குற்றச்சாட்டாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அந்த அச்சுப்பிரதியில் வானத்தைவிட பாலத்து மனிதர்களையே அதிகம் பார்க்கிறேன். அவர்களில் ஒருவர்கூட நதிப்பக்கம் திரும்பி நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.